வெள்ளிமலைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து, மலைச்சாலையில் ஏறிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையை அடைகின்ற ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு, அங்கே பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அன்றைய உத்தியோகம் ஆரம்பமாகிறது. சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர், மணியார்பாளையம், தொரடிப்பட்டு என்று திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களிலும், அவற்றைச் சார்ந்து காட்டோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் அமைந்த சிற்றூர்களிலும், காது கேளாத குழந்தையோ, கண் தெரியாத குழந்தையோ, கைகால்கள் தன் வசப்படாத குழந்தையோ, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி பெறாத குழந்தையோ இருக்குமாயின், அதைத் தேடிச் சென்று அதன் பக்கத்தில் உட்கார வேண்டியவர் அவரே. இத்தகைய ஆசிரியர்களைத்தான் இன்று அரபு நாடுகளும் மாலத்தீவும் சிங்கப்பூரும் அமெரிக்காவும் விரும்பி அழைக்கின்றன. அவர்களில் சிலர் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். போகிறவர்களை எண்ணி வருந்துவோரும், நம் செலவில் படித்துவிட்டு அந்நியருக்கு ஊழியம் செய்யப் போகிறார்களே என்று ஏசுவோரும் நம்மிடையே உண்டு. எந்த உத்தியோகத்தை அவர்கள் விட்டுச் செல்வதாக நாம் குறைபட்டுக்கொள்கிறோமோ, அந்த உத்தியோகத்தை நாம் மெய்யாகவே அவர்களுக்குக் கொடுத்திருந்தோமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆசிரியரின் பணி இன்னதென்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரின் வேலையை எல்லோரும் அறிவார்கள், இவருடைய வேலையை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையம் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிகளுக்கு முறை வைத்துச் சென்று, அங்கே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளைத் தனித்தனியே கவனிக்கிறார்கள். மங்கலான பார்வையுடைய சிறுமியை எந்த வெளிச்சத்தில் உட்கார வைப்பது, காதொலிக் கருவி பூட்டிய சிறுவனிடம் வகுப்பாசிரியர் எவ்வாறு முகத்தைக் காட்டிப் பேசுவது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைக்கு அன்றைய பாடத்தில் எதை வைத்துக்கொண்டு எதை விட்டுவிடுவது என்பன போன்ற நூறு நுட்பங்களை, அந்த வகுப்பாசிரியருக்கும் கற்பித்துவிட்டு வருவது அவர் கடமை. பள்ளிக்கு வரவே இயலாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உடைய குழந்தைகளுக்கு இதை ஓர் உரிமையாகவே வழங்கியிருக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் பாடப்புத்தகத்துக்கு அதிகம் வேலையில்லை. தலை நிற்பது, சாயாமல் உட்காருவது, உருண்டையாகப் பிடித்த சோற்றைத் தன் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, பசி என்றும் வலி என்றும் பிறருக்குத் தெரிவிப்பது ஆகிய இவைகளே அங்கே பாடங்கள்; மற்றவர்கள் பிறந்து இரண்டொரு வருஷத்தில் தம்மையறியாமல் கற்றுக்கொண்டுவிடும் இவற்றில் ஒன்றைக் கற்பிக்க இந்த ஆசிரியருக்கு ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம்.

கல்விக்கு வெளியேயும் அவருக்கு வேலை இருக்கிறது. மருத்துவ மதிப்பீட்டு முகாம் என்றைக்கு நடக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லி, வர மறுக்கும் பெற்றோரை இசையச் செய்து, குழந்தையை அழைத்து வந்து, ஊனத்தின் விகிதத்தைக் குறித்துச் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்து, கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனம் தயாரிக்கும் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ வந்து சேரும் வரையில் பின்தொடர்ந்து செல்பவர் பெரும்பாலும் இவரே. தனி மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி அமைந்தது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அதற்கு முன்பெல்லாம் மாவட்டத் தலைநகரம் விழுப்புரம், பெரிய ஆஸ்பத்திரி முண்டியம்பாக்கம். மலைமேலிருந்து ஊனமுற்ற பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்கு, ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழக்கச் சித்தமாயிருந்த பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்று தூரம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

அந்த மனிதர் போய்விட்டால் என்ன ஆகிறது? மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு பௌதிக ஆசிரியர் விலகினால், அடுத்தவர் வந்து விட்ட பாடத்திலிருந்து தொடரலாம். பௌதிகம் இருவருக்கும் பொது. மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத ஒரு குழந்தை இடது கண்ணை இருமுறை மூடித் திறந்தால் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம் என்பதோ, இன்னொரு குழந்தை சத்தத்துக்கு மிரண்டு தலையைச் சுவரில் மோதிக்கொள்ளுமுன் விரல்களைக் கோத்துக்கொள்ளும் என்பதோ எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பல மாதப் பழக்கத்தில் ஒருவர் மனத்தில் சேர்ந்த அறிவு அது, அவரோடேயே போய்விடுகிறது. தனிநபர் கல்வித் திட்டம் என்ற ஏட்டில் அவர் எழுதி வைத்திருப்பது அந்த அறிவில் ஒரு சிறு பகுதியே. புதியவர் வருவதற்குள் பயிற்சி நின்று போகிறது. பயிற்சி நின்றால் தசைகள் இறுகுகின்றன, மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றன, இரண்டு வருஷம் பாடுபட்டு நிமிர்ந்த முதுகு மீண்டும் வளைகிறது. காது கேளாத குழந்தைக்கு முதல் ஐந்தாறு வயதில் பேச்சாகவோ சைகையாகவோ ஒரு பாஷை அமையாமல் போனால், பிற்காலத்தில் அந்த நஷ்டத்தை முழுதும் ஈடுசெய்வது மிகக் கடினம் என்பது இத்துறை அறிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே இங்கே ஆசிரியரில்லாத ஆறு மாதம் என்பது வெறும் காலி நாற்காலியின் கணக்கன்று.

இந்த நஷ்டம் சமவெளியிலும் உண்டு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் போனால் இன்னொரு நிலையத்தைத் தேடிச் செல்லப் பெற்றோருக்கு வழி இருக்கிறது. 1985ஆம் ஆண்டில் தொடங்கிய வித்யாசாகரும், 1989இல் ஏற்பட்ட மதுரம் நாராயணன் மையமும், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. பாளையங்கோட்டையில் செவித்திறன் இல்லாதவர்களுக்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் கிராமங்களைத் தேடிச் சென்று தொண்டு செய்கிறது. கல்வராயன் மலைக்கு அப்படியொரு நீண்ட பாரம்பரியம் அமையவில்லை. அம்மலை ஜாகீர்தார்களான கவுண்டர்களின் ஆளுகையிலிருந்து சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்ததே 1976ஆம் ஆண்டில்தான். நாடு சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துச் சுதந்திரத்தின் வாசலுக்கு வந்த மக்கள் அவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, கல்வராயன் மலைவாசிகளுக்குச் சாலையும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் ஏன் இன்னும் போதுமான அளவில் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியதை நாம் அறிவோம். இவ்வளவு தாமதமாக எல்லாம் வந்து சேருகிற ஓரிடத்தில், வந்து சேர்ந்த ஒரே சிறப்புக் கல்வி ஆசிரியரும் போய்விட்டால் அடுத்த வாசல் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இனி, அவர்களை அழைக்கும் தேசங்களைப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டிலேயே ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் பொதுப்பள்ளியில் கல்வி அளிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. அச்சட்டத்தை நிறைவேற்றப் போதிய ஆசிரியர்கள் அங்கே என்றுமே கிடைத்ததில்லை, ஆதலால் பல ஆண்டுகளாகப் பிலிப்பைன்ஸ் முதலான நாடுகளிலிருந்து வருவித்துக்கொள்கிறது. ஊனத்தைக் காரணமாகக் காட்டித் தனியார் பள்ளிகள் குழந்தையைச் சேர்க்க மறுக்கலாகாது என்ற கோட்பாட்டுடன் துபாய் 2017இல் ஒரு கொள்கையை வகுத்தது. சிங்கப்பூர் 2019 முதல் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இவ்விதம் சட்டம் பிறந்த இடங்களிலெல்லாம் பணியிடம் பிறந்தது, பணியிடம் பிறந்ததும் ஆள் தேடல் பிறந்தது. நம் தேசத்துச் சட்டங்களும் இவற்றுக்குக் குறைந்தவையல்ல. ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைச் சாசனத்தை 2007ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களை அங்கீகரித்து, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி கூறுகிறது. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். சட்டம் இருக்கிறது, தேவை இருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த கல்வி நிலையங்களில் இரண்டு வருஷப் பட்டயமோ பட்டமோ பெற்று, அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டு வெளிவரும் யுவர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். இம்மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய நிரந்தர உத்தியோகம் மட்டும் இல்லாமல் போனதுதான் நம் அவலம்.

வெளிநாடு செல்லுவதையே ஒரு குற்றமாகக் கருதுவோர் நம் சரித்திரத்தை மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர் மலாயாவுக்குச் சென்றதும், நம் மாநிலத்து ஆசிரியர்கள் எதியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போய்க் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்ததும் பெருமைப்படத் தக்க செய்திகளே. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் பரம்பரையாகக் கதை சொல்லுகிறார்கள். இன்றும் அம்மலையின் ஆண்களும் பெண்களும் பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய்வருகிறார்கள். மானத்தோடு ஜீவனம் செய்ய வழி தேடிப் போவது மனித சுபாவம். ஓர் ஆசிரியை, தன் படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கவும், வயதான தாய் தந்தையரைக் காப்பாற்றவும், தம்பியைப் படிக்க வைக்கவும் கடல் கடந்து சென்றால், அவளுக்குத் தியாகத்தைப் பற்றி உபதேசம் செய்ய, மாதந்தவறாமல் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுகிற நம்மில் எவருக்கும் யோக்கியதை இல்லை.

நாம் அவளுக்குக் கொடுத்தது என்ன என்று பார்த்தால், பதில் வெட்கப்படத்தக்கதாக இருக்கிறது. ஊனமுற்ற குழந்தைகளைப் பொதுப்பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 1974ஆம் ஆண்டில் தொடங்கியது. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. 2018 முதல் அதுவும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பெயர்கள் மாறின, ஐம்பது ஆண்டுகள் ஓடின, சிறப்புப் பயிற்றுநரோ இன்றளவும் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட தற்காலிக ஊழியர். குழந்தையின் ஊனம் நிரந்தரம், அதன் கல்வி உரிமை நிரந்தரம், அதற்குக் கற்பிக்கிறவரின் வேலை மாத்திரம் தற்காலிகம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் கல்வித் துறை வளாகத்தின் முன்னே உட்கார்ந்து போராடியதைப் பத்திரிகை வாசகர்கள் படித்திருப்பார்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கை பற்றிய தகராறில் நிறுத்தி வைக்கப்பட்டபோது, மாநில அரசு தன் நிதியிலிருந்து ஈடுகட்டுவதாகக் கூறியது. ஆயினும் டில்லிக்கும் சென்னைக்கும் இடையே நடக்கும் ஒரு வழக்கின் நடுவில், வெள்ளிமலையில் ஒரு குழந்தைக்குக் கரண்டி பிடிக்கக் கற்பிப்பவரின் மாதச் சம்பளம் தொங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு அநீதியானது! அந்தச் சமயத்தில் கடல் கடந்து ஓர் அழைப்பு வந்தால், அதை நிராகரிக்கும்படி எந்த முகத்தோடு நாம் கேட்பது?

உச்ச நீதிமன்றம் இதில் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ரஜனீஷ் குமார் பாண்டே என்பவர் தொடுத்த வழக்கில், 2021 அக்டோபர் 28ஆம் தேதி அளித்த தீர்ப்பில், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுடைய பத்துக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று வரையறுத்தது. போதிய ஆசிரியர்கள் கிடைக்கும் வரையில், இருப்பவர்கள் அருகருகேயுள்ள பள்ளிகளுக்குச் சுற்றி வந்து கற்பிக்கலாம் என்றும் சொல்லிற்று. நாலு வருஷம் கழிவதற்குள் அதே நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, 2025 மார்ச் 28க்குள் இப்பணியிடங்களை ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும் என்றும், முறையாக நியமனம் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட வேண்டிய நிலை ஏற்பட்டது. சுற்றி வந்து கற்பிக்கலாம் என்ற இடைக்கால ஏற்பாடு சமவெளியில் ஒருவாறு நடைபெறும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டிய மலையில், மழைக்காலத்தில் ஓடை பெருகி வழி மறிக்கும் இடங்களில், அது ஏட்டளவில் நிற்கும். எத்தனை குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று எண்ணும்போது, அந்தக் குழந்தைகள் எவ்வளவு தூரத்தில் பரந்து கிடக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் மலைக்கு நியாயம் கிடைக்கும். கல்வராயன் மலைப் பள்ளிகளில் பல, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். ஆசிரியர் ஒரு துறைக்கும் பள்ளி இன்னொரு துறைக்கும் சொந்தமாயிருக்கையில், இரண்டும் கலந்து பேசிக் கணக்கெடுக்காவிட்டால் குழந்தை இரண்டு பதிவேடுகளிலும் விடுபட்டுப் போகும்.

அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்றவர்கள் இத்தனை ஆண்டுகள் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை கூறுகிறார்கள். இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. நிரந்தர உத்தியோகம் கொடுக்காத எஜமானன் நிரந்தர விசுவாசத்தை எழுதி வாங்குவது முறையன்று என்பது ஒருபுறமிருக்க, கட்டாயத்தின் பேரில் மலையில் இருக்கிறவர் மனம் வேறெங்கோ இருக்கும். வார்த்தையற்ற குழந்தைகள் அதைப் பெரியவர்களைவிட விரைவில் கண்டுகொள்ளும்.

போகிறவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டாம், பாதுகாப்பு வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட நூற்றுக்கணக்கான பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களிடம் ஓர் ஏஜென்சி அளவுக்கு மீறிக் கட்டணம் வசூலித்து, அவர்களுடைய சம்பளத்திலும் பங்கு கேட்டு வருத்தியதை விசாரித்த ஜூரிகள், 2012இல் 45 லட்சம் டாலர் நஷ்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தார்கள். பாதகம் செய்தவர்களை நீதிமன்றம் தண்டித்தது நல்லதே; அதுவரையில் அந்த ஆசிரியர்கள் பட்ட கடனும் கண்ணீரும் யாருக்கும் வரக்கூடாதவை. 2025 செப்டம்பரில் அந்நாட்டு அதிபர், புதிதாக எச்-1பி விசா பெறுகிறவர்களுக்காக வேலை கொடுப்போர் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டதால், ஏழைப் பள்ளி மாவட்டங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களை அழைப்பது பெரிதும் கடினமாகிவிட்டது. ஒரு கையெழுத்தில் திறந்த கதவு இன்னொரு கையெழுத்தில் அடைபட்டுவிடும் என்பதை, நிலத்தை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்ட நினைக்கும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 1978இல் ஏற்படுத்திய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. செவிலியர்களை அனுப்புவதில் அதற்கு அனுபவமும் உண்டு. சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கும் அதுவே வழிகாட்டியாக அமைந்து, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, சம்பளத்தையும் தங்குமிடத்தையும் விசாரித்து அனுப்புமானால் எத்தனையோ ஏமாற்றங்கள் தவிர்க்கப்படும்.

காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைச்சர்கள் 2004 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் கூடி, ஆசிரியர்களை நாடு விட்டு நாடு வேலைக்கு எடுப்பது பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆசிரியருக்கு விரும்பிய நாட்டில் வேலை செய்யும் சுதந்திரம் உண்டு, அவரை இழக்கும் ஏழை நாட்டின் கல்வி சிதையாமல் காக்கும் பொறுப்பு அழைக்கும் நாட்டுக்கு உண்டு என்ற இரண்டு தர்மங்களையும் ஒருங்கே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. சட்ட பலம் அதற்கு இல்லை. இருந்தாலும் அதன் அடிப்படையில் நாம் கேட்கக்கூடியது உண்டு. நம் பயிற்சி நிலையங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரியர்களை அழைத்துக்கொள்ளும் ஒரு நாடோ பள்ளி நிர்வாகமோ, அழைக்கும் ஒவ்வொருவருக்கும் இங்கே இன்னொருவரைப் பயிற்றும் செலவை ஏற்கட்டும். அழைக்கும் நாடுகள் செல்வ நாடுகள். அவர்களுக்கு இது பெரிய பாரமாகாது.

ஆனால் எந்த அந்நிய நாட்டின் தர்மசிந்தையையும் நம்பாமல், நாமே இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நான் மிகுந்த நம்பிக்கையோடு சொல்ல விரும்புகிறேன். மலைக்கு ஆசிரியர் மலையிலிருந்தே வர வேண்டும். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. மேல்நிலைப் படிப்பை முடித்து வெளிவரும் மலையாளி இனத்துப் பிள்ளைகள் வருஷந்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் ஆர்வமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்புக்கு முழுச் செலவையும் கொடுத்து அனுப்பி, படிப்பு முடிந்ததும் தங்கள் ஒன்றியத்திலேயே நிரந்தரமாக நியமித்தால், இன்னாட்டுத் தாய் பேசும் பேச்சும், புளி உலுக்கும் காலத்திலும் கடுக்காய் பொறுக்கும் காலத்திலும் வீட்டில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பதும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளை ஊனமாய்ப் பிறந்தது தெய்வக் குற்றம் என்று மறைத்து வைக்கும் குடும்பம், அந்நிய அதிகாரி ஒருவரின் வார்த்தைக்குக் கதவைத் திறக்காவிட்டாலும், பக்கத்து ஊர் அக்காள் வந்து கேட்டால் திறக்கும். இவர்களிலும் சிலர் நாளடைவில் வெளிநாடு போகக்கூடும். போகட்டும், மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ சம்பளமில்லா விடுப்பில் சென்று, பணியிடம் பறிபோகாது என்ற நிச்சயத்தோடு இருந்து, அங்கே கற்ற புதிய முறைகளோடு திரும்பி வந்து அதே வேலையில் அமர வழி செய்து வைத்தால், போனவர்களில் பலர் திரும்புவார்கள். நிரந்தர உத்தியோகம் உடையவனுக்குத்தான் விடுப்பு என்ற ஒன்று உண்டு. ஒப்பந்த ஊழியருக்குப் போவது மட்டுமே உண்டு.

சமவெளியிலிருந்து வரச் சம்மதிப்பவர்களுக்கு மலைப்படியும், வெள்ளிமலையிலேயே தங்க ஒரு வீடும், ஊர்களுக்குச் சென்றுவர வாகன வசதியும் கொடுக்க வேண்டும். உலக வங்கியின் உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடைபெறும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. கட்டடமும் கருவிகளும் வருவதில் மகிழ்ச்சியே, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஐந்தாறு வருஷம் ஒரே இடத்தில் இருந்தால்தான் குழந்தைக்கு அவற்றால் லாபம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து, அடுத்து அவை கூடும்போது பள்ளிக் கல்வி அமைச்சரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்வராயன் மலை ஒன்றியத்தில் சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் எத்தனை பேர் என்று பழங்குடியினர் நலத் துறையோடு சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தாயிற்றா? உச்ச நீதிமன்றம் விதித்த விகிதப்படி அவர்களுக்கு வேண்டிய நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்படுத்தப்பட்டன? அவற்றில் மலையின் பிள்ளைகள் எத்தனை பேர் நியமிக்கப்படுவார்கள், எந்தத் தேதிக்குள்? இவற்றுக்கு அமைச்சர் அவையில் கொடுக்கும் பதிலை வாசகர்களும் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால், தங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதிக் கேட்க வேண்டும்.